ஆணியில் தொங்கிய கயிறு

கடலோர நீச்சல் குளத்தின் நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தது. இந்தப் பக்கம் துரைமார் குளிப்பார்கள், அந்தப் பக்கம் துறைமுகக் கூலிகள். தினம் இரண்டு தரம் கடல் சுவரேறி வந்து இரண்டு பக்கத் தண்ணீரையும் கலக்கிவிட்டுப் போகும். கயிறு அதைக் கண்டுகொள்ளாது.

ஒருநாள், இனி யாரும் எங்கேயும் குளிக்கலாம் என்று உத்தரவு வந்தது. காவலாளி கயிற்றை அவிழ்த்து ஆணியில் மாட்டினான்.

"உன் ஜம்பமெல்லாம் இன்னியோட சரி அண்ணே," என்றது சுவரிடுக்கு நண்டு. "ஒருத்தன் தாண்டட்டும், உன்னை அடுப்புல போட்டுருவாங்க."

ஒரு கூலிக்காரன் நீந்தி வந்தான். நடுக்குளம் நெருங்க நெருங்கக் கயிறு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அவன் அங்கேயே நின்று வெறுந்தண்ணீரைக் கையால் துழாவினான், திரும்பிவிட்டான். எதிரே வந்த துரையும் அதே இடத்தில் திரும்பினார்.

"ஏய் நண்டு," என்றது கயிறு, "நான் இங்கதானே தொங்கறேன்? பார்த்துச் சொல்லு."