வலது கை மட்டும்

“பயிற்சியில மீன் மாதிரி நீந்துறா. போட்டின்னு இறங்கிட்டா, பாதி தூரத்துல வலது கைக்கு மட்டும் பேய் பிடிச்சிடுது. நீங்கதாம்மா என்னன்னு கேக்கணும்!”

ஏரிக்கரையில் நின்று நீச்சல் மாஸ்டர் பொரிந்து தள்ளினார். தையல் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருந்த அம்மா விழித்தாள்.

“பேயா?”

“முழங்கைதாம்மா முதல்ல தண்ணிக்கு மேல வரணும். முன்கை தளர்ந்து தொங்கணும். விரல் நுனி தண்ணியை உரசிக்கிட்டு முன்னால போகணும். இவ என்னடான்னா மடக்காம, கொடிக்கம்பம் மாதிரி வானத்துக்குத் தூக்கி வீசுறா. வேகமும் போச்சு, தோள்பட்டையும் போகும். நாளைக்கு முதல் ரெண்டு இடத்துக்குள்ள வந்தாத்தான் டீம்ல எடுப்பாங்க, ஆமா!”

அம்மாவுக்குச் சுருக்கென்றது. அந்த வீச்சு யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? கல்யாணமான புதிதில், இதே ஏரியில், “கையை மடக்காதே, நல்லா நீட்டி வீசு” என்று கணவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வீச்சு. பிறகு மகளுக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்தார். மூன்று பேரும் ஒரே மாதிரி வீசிக்கொண்டு போவதைப் பார்த்துக் கரையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

அதெல்லாம் பழைய கதை. ஏதோ ஒரு சண்டையில், “இனிமே எங்க கண்ணுலயே படாதீங்க” என்று அவள் கத்தினாள். எத்தனை சொன்னாலும் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதை விடாத மனுஷன், அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்டுத் தொலைத்தார். இன்றைக்கும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தையல் மிஷினில் அவள் கால் தானாக நின்றுவிடுகிறது. அவராக இருக்கக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனால் கூப்பிட ரோஷம் விட்டால்தானே!

அன்று சாயங்காலம் மகளின் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“உனக்கு டீம்ல சேரணும்னு ஆசை இல்லையாடி?”

“உசிரே அதுலதாம்மா இருக்கு.”

“அப்ப அப்பா சொல்லிக்கொடுத்த வீச்சை விட்டுத் தொலையேன்.”

“விட்டாச்சும்மா. பயிற்சியில பார்த்தேல்ல?”

“போட்டியில மட்டும் ஏன் வருது?”

மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏதோ மழுப்பினாள்.

மறுநாள் ஏரி முழுக்கச் சிவப்புத் தொப்பிகள். எல்லோர் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி வேறு. எது தன் பெண் என்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

“முதல்ல போறது உங்க பொண்ணுதாம்மா! முழங்கையைப் பாருங்க, என்ன அழகு!” என்று மாஸ்டர் குதித்தார்.

அம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. பாலத்தடியில் மிதவையைச் சுற்றித் திரும்ப வேண்டும். அங்கே போனதும் அந்த வலது கை விறைத்து வானத்துக்கு எழுந்தது. ஒரு வீச்சு, இன்னொரு வீச்சு, அப்புறமும். அதற்குள் இரண்டு சிவப்புத் தொப்பிகள் அவளைத் தாண்டிப் போய்விட்டன. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாவதாகக் கரையேறிய மகளை அம்மா பிடித்து உலுக்கினாள்.

“ஏன்டி? உசிரே அதுலதான்னு சொன்னியேடி!”

மகள் உடைந்து அழுதாள்.

“மூச்சு வாங்கத் திரும்புறப்போ முதல் போட்டியிலயே பார்த்துட்டேம்மா. கண்ணுல படாதீங்கன்னு நீ சொன்னேல்ல, அதான் பாலத்து மேல நின்னு பாக்குறாரு. எல்லாம் ஒரே சிவப்புத் தொப்பி. இதுல எது நான்னு அப்பாவுக்கு எப்படிம்மா தெரியும்?”

அம்மா திரும்பினாள். பாலத்துக் கைப்பிடி ஓரமாக, முகம் தெரியாத தூரத்தில் ஓர் ஆள் கிளம்பிக்கொண்டிருந்தார். இங்கிருந்து கூப்பிட்டால் கேட்காது. இந்தக் கூட்டத்தில் அவளையும் அடையாளம் தெரியாது.

அவளுடைய வலது கை, துளியும் மடங்காமல், வானத்துக்கு உயர்ந்து ஒரு பெரிய வீச்சு வீசியது.