பத்து எண்ணும்வரை

எட்டு மாத வயிற்றுக்கு அடியில் அவளுக்கு விண்விண்ணென்று வலித்தது. பிரசவப் பயிற்சி வகுப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு பாயில் படுத்திருந்தாள்.

"மூத்திரத்த அடக்குற மாதிரி இறுக்குங்க. பத்து எண்ணுனதும் விடுங்க," என்றாள் நர்ஸ்.

பக்கத்துப் பாயில் இருந்தவள் மூன்றிலேயே விட்டுவிட்டாள். "எனக்கு நிக்கவே மாட்டேங்குது சிஸ்டர்!"

"இந்தம்மாவப் பாருங்க, எப்படி இறுக்குறாங்க!" நர்ஸ் அவளிடம் குனிந்தாள். "போதும், இப்ப விடும்மா."

"விட வரலையே சிஸ்டர்!" எரிச்சலில் அவளுக்கு அழுகை முட்டியது.

"விடத் தெரியலன்னா குழந்தை எப்படிம்மா வெளிய வரும்? இப்படி அடக்க எங்க பழகுன?"

"தையல் கம்பெனியில, நாலு வருஷமா." பக்கத்துப் பாயைக் கைகாட்டினாள். "இவங்கதான் எங்க சூப்பர்வைசர்."

சூப்பர்வைசர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"மேடம், பாத்ரூம் போக நேத்து கேட்ட அஞ்சு நிமிஷம் இன்னும் பாக்கி."