மதியம் பன்னிரண்டுக்குள்

அறிக்கையின் கடைசி வரியை மட்டும் நான் இன்னும் மொழிபெயர்க்கவில்லை.

'மருந்தால் எந்தப் பயனும் தெரியவில்லை. எல்லா நாடுகளிலும் சோதனையை நிறுத்திவிடலாம்.' நார்வே மொழியில் அவ்வளவுதான் இருக்கிறது.

இருபத்தாறு வருடமாக ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் உட்கார்ந்து நார்வேக்காரர்கள் எழுதுவதை ஆங்கிலமாக்குகிறேன். மீன்வலை, படகு இன்சூரன்ஸ், மருந்து அறிக்கை, எது வந்தாலும் எனக்கு ஒன்றுதான். மொழிபெயர்ப்பாளர் வெறும் குழாய், தண்ணீரில் குழாயின் ருசி வரக்கூடாது என்று மேடையேறியும் பேசியிருக்கிறேன்.

இந்தச் சோதனையில் சேர்ந்து, இதே மருந்தைத்தான் என் கணவன் டூகல் ஐந்து மாதமாக விழுங்குகிறான்.

இதற்குப் பிறகு வேறு மருந்து கிடையாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் இப்போதெல்லாம் அவன் காலைக் கஞ்சியை மிச்சம் வைப்பதில்லை. ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வருகிறான். அவன் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நான் அனுப்பாதவரை ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. தெரியாதவரை மாத்திரை வரும். வெட்கமில்லாமல் இரண்டு முறை தவணை கேட்டுவிட்டேன். இன்று பன்னிரண்டு மணிதான் கடைசிக் கெடு. யாரிடமும் மூச்சுவிடக் கூடாதென்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

இதே மாத்திரையை நம்பி விழுங்கும் மற்றவர்கள்? நினைக்காமல் இல்லை. நினைத்துவிட்டு மறுபடியும் டூகலைத்தான் நினைத்தேன்.

அவனே கதவில் சாய்ந்து நின்றான்.

"என்னடி, தலையில கைய வச்சுட்டு உக்காந்திருக்க? யாரு செத்தா?"

"யாரும் சாகல. துணி துவைக்கிற மெஷினோட கையேடு."

"மெஷினுக்கா இவ்ளோ துக்கம்!" என்று சிரித்துக்கொண்டே போனான்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. என்னால் முடியவில்லை. உடம்பு சரியில்லை, வேலையை முடிக்க முடியாது, மன்னிக்கவும் என்று வேலை தந்த கம்பெனிக்கு எழுதிவிட்டேன்.

உடனே பதில் வந்தது.

'கவலை வேண்டாம், இஷ்பெல். இம்மாதிரி அறிக்கைகளை எப்போதும் இரண்டு பேரிடம் தருவோம். உங்களுக்குத் தாமதமானதால் இன்னொருவர் செய்ததையே திங்கட்கிழமை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிவிட்டோம். உங்களுடையது கோப்பில் வைக்க மட்டும்தான்.'

இன்று வியாழன்.

திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு டூகல் தனியாகத்தான் போனான், நீ வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு. திரும்பும்போது மீனும் சிப்ஸும் வாங்கிவந்து, என் எதிரே உட்கார்ந்து ஒரு துண்டு விடாமல் தின்றான்.

எழுந்து சமையலறைக்குப் போனேன். மதிய மாத்திரை நேரம். அவன் டப்பாவைத் திறந்து, எனக்குத் தெரியும்படி ஒரு வெள்ளை வில்லையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

பிறகு, ஏதோ ஞாபகத்தில், கடித்துவிட்டான்.

கடக்கென்று கேட்டது. பெப்பர்மிண்ட் வாசனை வந்தது.

அவன் தாடை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தான்.

நான் கையை நீட்டினேன்.

"எனக்கும் ஒண்ணு குடு."