விரிசல் விழாத வெளிச்சம்

நமுனுகுல மலைச்சரிவின் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில், துருப்பிடித்த கூரைத் தகரம் ஒன்றை மாற்றப்போகிறார்கள். அங்கே பொருத்த வாங்கிவந்த, கண்ணாடிபோல் மின்னும் தகட்டைக் கணவர் மாரிசாமி தடவித் தடவிப் பார்ப்பதை வாசலில் நின்று கவனிக்கிறாள் அங்கம்மா. "ஆலங்கட்டி மழைக்கு நொறுங்கிப் போயிராதா?" என்கிறார் அவர். உயர்தர வகுப்பில் இரசாயனம் படிக்கும் மகள் விதுஷாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இது கண்ணாடி இல்லப்பா, பொலிகார்பனேட். பிஸ்பீனோல் ஏ-ன்னு ஒரு வெள்ளைத் தூள பெரிய பெக்டரியில காய்ச்சி எடுத்து, அதுல இருந்துதான் இத செய்யுறாங்க. சுத்தியலால அடிச்சே பாருங்க!" அங்கம்மா பதறிக் காதைப் பொத்திக்கொள்கிறாள். மாரிசாமி ஓங்கிய சுத்தியல் தகட்டில் பட்டுத் துள்ளுகிறது, விரிசல் ஒன்றுமில்லை. "இன்னொரு அடி போடுங்க!" என்று இப்போது கத்துவது அங்கம்மாதான். மாரிசாமி ஏணியில் ஏறிப் பழைய தகரத்தைக் கழற்றித் தகட்டைப் பொருத்தியதும் அவளுக்குப் பொறுக்கவில்லை, உள்ளே ஓடுகிறாள். சன்னலே இல்லாத அறைக்குள் வெயில் கொட்டிக்கிடக்கிறது. அடுப்பு, கொடித்துணி, கரிச்சுவர், கொழுந்துக்கறை ஏறிய தன் விரல்கள், எல்லாமே பளிச்சென்று தெரிகின்றன. விடிந்ததிலிருந்து எரிகிற பல்பை அண்ணாந்து பார்க்கிறாள். "பட்டப்பகல்ல இனி நீ எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே சுவிட்சைத் தட்டிவிடுகிறாள்.