கூப்பிடாத ஆட்கள்

குடலில் புண் ஆறாவிட்டால் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். குடலுக்குள் குழாய்க் கேமரா எடுத்த படத்தை மாசிலாமணி டாக்டரம்மாவின் திரையில் பார்த்தான். ஆறு மாதத்துக்கு முன், சிராய்த்த முழங்கால் போல ரத்தம் கசிந்த குடல், இன்று வழவழப்பாக இருந்தது.

"நோயை அடிக்க வேண்டிய வெள்ளை அணுதான், ரத்தத்திலிருந்து இறங்கி உங்க குடலையே கொத்திப் போட்டுச்சு," என்றார் டாக்டரம்மா. "ஆறு மாசமா போட்ட இந்த ஊசி அதுங்க இறங்கற வழியை அடைச்சிருச்சு."

"செத்துப்போச்சாம்மா?"

"இல்ல. ரத்தத்துலயே சுத்திட்டிருக்கும்."

கடப்பாரையோடு கூலி வேலைக்காக முச்சந்தியில் காத்து நிற்கும் கூட்டம் அவன் மனக்கண்ணில் தெரிந்தது. பத்து மணிவரை நின்றும் மேஸ்திரி கூப்பிடாமல் வீடு திரும்புகிற வலி அவன் பட்டதுதான். ஆனாலும் ஆளைக் கூப்பிடாத மேஸ்திரியை இன்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

வெளியே அவன் மனைவி பூங்காவனம் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். "இன்னா சொன்னாங்க? வெட்டணுமாமா?"

"உள்ள இடிக்கிறவனுங்களுக்கு வேலை இல்லியாம்டி."

"லூசாய்யா நீ? ஒழுங்கா சொல்லு."

சொன்னான். அவள் அழுதுகொண்டே அவன் தோளில் ஒரு குத்து விட்டாள்.

பேருந்தில் அவள் வழக்கம்போலப் படிக்கட்டை ஒட்டிய இருக்கையில் பையை வைத்தாள். வழியில் வயிற்றுப்போக்கு வந்தால் அவசரத்துக்கு இறங்கத் தோதாக இரண்டு வருடமாக அங்கேதான் உட்காருவான். இன்று பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் ஜன்னலோரம் சாய்ந்தான்.

"ரெண்டு மணி நேரம், நடுவுல எங்கயும் நிக்காது!" என்று கண்டக்டர் கத்தினார்.

"நீ வுடு வண்டிய," என்றான் மாசிலாமணி.