பூட்டிய வீடுகளின் விளக்கு

ஓவியா வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குக் கிளம்பியபோது, எதிர்வீட்டு ஹர்ஷினி அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "நீங்களும் போயிட்டா நம்ம ஒன்றியம் பணக்கார ஒன்றியமாயிரும், மைனி."

உண்மைதான். வானத்தில் சுற்றும் அரசின் கண் ஒன்று, எரியும் விளக்கைக் கொண்டே ஒவ்வொரு வீட்டின் வருமானத்தையும் கணித்துவிடும். எல்லா வீடுகளையும் வரிசையில் நிறுத்தி, நடுவில் வரும் வீட்டின் வருமானத்தை ஆண்டுதோறும் அறிவிக்கும். ஏழைகள் ஊரைவிட்டுப் போகப் போக அந்த நடு மேலே ஏறும். அரசு வகுத்த எல்லைக்கோட்டை அது தாண்டிவிட்டால் பணக்கார ஒன்றியம்; அப்புறம் ஹர்ஷினியின் கணவன் கவினுக்கு இலவச டயாலிசிஸ் கிடையாது.

"சாவிய வச்சுக்க. பொழுது சாய ஒரு பல்பப் போட்டுவிடு. நாங்க இருக்கோம்னு அந்தக் கண்ணு நெனச்சுக்கிரும்" என்றாள் ஓவியா.

இப்படியே, தெருவைவிட்டுப் போனவர்களின் சாவியெல்லாம் ஹர்ஷினியிடம் வந்து சேர்ந்தது. மழையானாலும் காய்ச்சலானாலும் ஒரு நாள் தவறாமல் அத்தனை வீட்டிலும் விளக்கைப் போட்டாள். முன்பணம் கட்டினால்தான் மின்சாரம் தரும் மீட்டர்களுக்கு ரீசார்ஜும் அவளே செய்தாள்.

அந்த ஆண்டும் நடு ஏறியது. இலவச டயாலிசிஸ் பட்டியலிலிருந்து கவினின் பெயரை எடுத்துவிட்டார்கள். ஒன்றியம் முன்னேறிவிட்டதாம்.

"எங்க தெருவுல எல்லாரும் இல்லாதவங்கதானே, சிஸ்டர்?" என்று டயாலிசிஸ் நர்ஸிடம் கேட்டாள் ஹர்ஷினி.

நர்ஸ் திரையைப் பார்த்தாள். "உங்க தெரு வீடுகள்ல விளக்கு ஒரு நாள்கூட அணையலையேக்கா. வருசம் பூரா கரண்டுக்குக் காசு கட்டுற வீட்ட ஏழை வீடுன்னு அது எப்படி எடுத்துக்கும்?"

கவினைத் தாங்கிப் பிடித்தபடி இருட்டியபின் அவள் திரும்பி வந்தபோது, பூட்டிய வீடுகளிலெல்லாம் அவள் போட்டுவிட்டுப் போன விளக்கு எரிந்தது. ரீசார்ஜ் செய்யக் காசில்லாமல் இருண்டு கிடந்தது அவர்கள் வீடு ஒன்றுதான்.