மேலே நாலு வரி

"அக்கா, ரெஸ்யூம்ல மேல நாலு வரி எழுதோணுமாம். அப்ஜெக்டிவ்னு பேரு. நீங்க தமிழ்ல சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல அடிச்சுக்கறேன்" என்றாள் ஹஃப்சா.

அமுதவல்லி கையிலிருந்த கேஸ் கட்டைக் கீழே வைத்தாள். "எந்தக் கம்பெனிக்கு சாமி?"

"எங்க நயீம் மாமா மேனேஜரா இருக்கற போர்வெல் ரிக் கம்பெனிக்குங்க. பாராலீகல் வேணுமாம். வக்கீலு இல்லீங்க, கேஸ் வேலை தெரிஞ்ச ஆளு. சம்பளம் இங்க வாங்கறதுல ரெண்டு பங்கு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்போணும்."

அமுதவல்லிக்கு வயிறு எரிந்தது. திருச்செங்கோட்டில் வக்கீல் ஜெகதீஸ்வரனிடம் அவள் பதினோரு வருடமாகக் குமாஸ்தா. ஹஃப்சா வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் இங்கிலீஷ் கடிதமா, கூப்பிடு ஹஃப்சாவை. ஆன்லைனில் மனுவா, கூப்பிடு ஹஃப்சாவை. வாய்தா தேதி குறித்துக்கொண்டு கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் நடந்து செருப்புத் தேய்வதற்கு மட்டும் அமுதவல்லி. இப்போது இரட்டைச் சம்பளமும் இவளுக்கேவா?

திரையை எட்டிப் பார்த்தாள். பெயர் போடும் இடம் காலியாக இருந்தது. அந்த ஆபீசில் எதை அடித்தாலும் பெயரைக் கடைசியில்தான் போடுவார்கள். பழைய மனுவின் மேலேயே புதியதை அடிக்கப்போய், நிலத்தகராறுக்கு வந்த பெரியவர் ஒருவர் பெயரில் விவாகரத்து கேட்டுவிட்ட நாளிலிருந்து அப்படி ஒரு கட்டளை.

"மத்த விவரமெல்லாம் நானே போட்டுக்கறனுங்க. இந்த நாலு வரி மட்டும் உங்க வாயால சொல்லுங்க."

என்ன எழுத வேண்டும் என்று அமுதவல்லிக்கு நன்றாகவே தெரியும். வெளி மாநிலத்தில் ரிக் வண்டி பிடிபட்டால் மீட்பதற்கு என்னென்ன பேப்பர் வேண்டும் என்று அறிவேன், விபத்து வழக்கில் ஒரு வாய்தாவும் தவறவிட மாட்டேன். இவ்வளவு போதும், வேலை வீடு தேடி வரும். அந்த வேலைக்கு அமுதவல்லியைவிடப் பொருத்தமான ஆள் யார் இருக்கிறார்கள்? ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லத்தான் நாதியில்லை.

"அடிச்சுக்கோ. 'புகழ்பெற்ற நிறுவனத்தில் சவாலான பணியில் சேர்ந்து, என் திறமைகளை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.'"

"இது எல்லாரும் போடறதுதானுங்களே?"

"எல்லாரும் சும்மாவா போடறாங்க? இன்னொண்ணும் சேரு. 'இரண்டே வருடத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டு, வெளியேறி, சொந்தமாக ஆபீஸ் தொடங்குவதே என் லட்சியம்.'"

ஹஃப்சாவின் விரல் நின்றது. "நெசமாத்தான் சொல்றீங்களாக்கா? ரெண்டு வருசத்துல போயிருவேன்னா வேலை குடுப்பாங்களா?"

"லட்சியம் இருக்கறவங்களத்தான் மொதலாளிமாருக்குப் புடிக்கும். பதினோரு வருசம் குப்பை கொட்டுனவ சொல்றேன். கேட்டாக் கேளு, கேக்காட்டிப் போ."

"அய்யோ, கோவிச்சுக்காதீங்க. உங்க வார்த்தைய நான் மாத்துவனுங்களா? சொன்னபடியே இருக்கட்டும்."

அமுதவல்லிக்கு ஒரு நிமிடம் மனது உறுத்தியது. போன வாரம் வக்கீல் ஹஃப்சாவுக்கு வாங்கிக் கொடுத்த சுழல் நாற்காலி கண்ணில் பட்டது. உறுத்தல் போய்விட்டது. திருப்தியாக இரண்டு டீ வாங்கிவரப் போனாள்.

திரும்பி வந்தபோது பிரின்டர் ஓடிக்கொண்டிருந்தது. "அனுப்பியாச்சுங்கக்கா! மொதலாளி டேபிளுக்கே போயிருச்சுன்னு மாமா போன் பண்ணுனாரு."

"ரொம்ப சந்தோசம் சாமி" என்றாள் அமுதவல்லி. உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஹஃப்சா சூடு ஆறாத தாளை நீட்டினாள். "இந்தாங்க, இன்டர்வியூவுக்குப் போறப்ப வேணும். மொதல்லயே சொன்னா கூச்சப்பட்டுட்டு வேண்டாம்பீங்கன்னுதான் கமுக்கமா இருந்தேன். ஆனா சொந்த ஆபீசு வெக்கற ஆசை உங்களுக்கு இருக்கறது எனக்கே இன்னிக்குத்தானுங்க தெரிஞ்சது!"

அமுதவல்லி தாளை வாங்கிப் பார்த்தாள். காலியாக இருந்த இடத்தில், கொட்டை எழுத்தில், அவள் பெயர் இருந்தது.